பலூன் அண்ணாவின் நீச்சல் உடை

தர்மபுரி மாவட்டத்தில் ஆண்களின் நீச்சல் உடை பற்றி எழுத்துமூலம் கருத்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் பலூன் அண்ணாதான். ஆதாரம் என்னிடம் இருக்கிறது. தர்மபுரி சாலையில் புதிதாகத் திறந்த நீச்சல் குளத்தின் மேலாளருக்கு அவர் அனுப்பிய கடிதத்தின் நகல் அது. தேதி போடவில்லை. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. மாம்பழக் கூடைகளால் பஸ்ஸில் நிற்க இடமில்லை என்ற புகாரும் அதில் இருப்பதால், கோடைக்காலம் என்று ஓரத்தில் நானே குறித்து வைத்தேன்.

கடிதம் சொல்கிறது: “ஐயா, சிறிய ஜட்டியானது ஒருவர் உடுத்தியிருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதில்லை. முழங்கால் வரை ஒட்டிக்கொள்ளும் டைட்ஸ், சைக்கிளைத் தொலைத்தவரின் தோற்றத்தைத் தருகிறது. பெர்முடாஸுக்குள் போன தண்ணீர் வெளியே வர மறுக்கிறது. பட்டாபட்டி நல்ல உடைதான்; அதன் நாடா நல்லதல்ல. ஆகவே நாலு முழ வேட்டியை அனுமதிக்க வேண்டுகிறேன்.”

அவர் கடத்தூரில் ஜவுளிக்கடை விற்பனையாளர். துணியைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. தண்ணீரைப் பற்றிப் பேசவும் உண்டு என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

ஞாயிறுதோறும் எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போவோம். நாங்கள் மேட்டிலிருந்து குதிப்போம். பலூன் அண்ணா படியிறங்கி, வேட்டியை அவிழ்த்து நனைத்து, ஒரு வீசு வீசிக் காற்றைப் பிடிப்பார். துணியின் வாயை முறுக்கி மார்புக்கடியில் வைத்துக்கொண்டு புறப்படுவார். ஈரத்துணியில் காற்று நிற்கும். பூசணிக்காய் அளவு பலூன், அதன்மேல் அவர் முகவாய். வெயில் ஏறும்வரை மிதப்பார். வேர்க்கடலை தின்பார். தொலைபேசி வந்தால் மேலே இருப்பவர்களைப் பதில் சொல்லச் சொல்வார்: “தண்ணில இருக்காருன்னு சொல்லுங்க.”

“ஒரு வாட்டி குதிங்களேண்ணா,” என்பான் அந்தோணி. மின்வாரிய வேலை, ஓயாத வாய்.

“கப்பல் எங்கியாச்சும் குதிச்சுப் பாத்திருக்கியா?”

தண்ணீரில் அவர்தான் எங்களுக்குத் தலைவர்.

பிறகு தோட்டக்காரர் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டார். நாங்கள் நீச்சல் குளத்தில் சேர்ந்தோம். வாசலில் பலகை: தளர்வான உடைக்கு அனுமதியில்லை. கடிதம் பிறந்தது அப்போதுதான். மேலாளர் தொலைபேசியில் ஒரே வரி சொன்னார்: “போர்டுல இருக்கறதுதாங்க ரூல்.”

பலூன் அண்ணா வருவதை நிறுத்திவிட்டார்.

அந்தோணி கடைக்கே போனான். “என்னாண்ணா, கல்யாணத்துக்கா போறோம், வேட்டி கட்டிக்கிட்டு? வாங்கண்ணா. நீங்க இல்லாம நல்லாவே இல்ல.”

“ஞாயித்துக்கெழம வூட்ல ஒட்டடை அடிக்கிறேன்டா. அடிச்ச எடத்தையே திரும்ப அடிக்கிறேன்,” என்றார் அவர். அடுத்த ஞாயிறு வந்துவிட்டார்.

கருநீல டைட்ஸ். தலையில் கட்டாய ரப்பர் தொப்பி. மேலே வேட்டி.

“வேட்டிய எடுத்துடுங்க சார்,” என்றார் குளத்து மாஸ்டர்.

“எடுக்கறேங்க. தண்ணி எங்கியும் ஓடிடாது.”

மடித்தார். கடையில் பட்டுவேட்டியைக்கூட அவ்வளவு நிதானமாக மடித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஆழமில்லாத பக்கத்துப் படியில் இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்றார். அங்கேயே நின்றார். ஒரு கை தண்ணீரை அளைந்தது. இன்னொரு கை ஸ்டீல் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இத்தனை ஆண்டுகள் கிணற்றில் மிதந்தது வேட்டி. அவர் பயணி.

“வாங்கண்ணா, ஆழத்துக்குப் போலாம்,” என்று கத்திக்கொண்டே பாதி தூரம் நீந்திவிட்ட அந்தோணி திரும்பிப் பார்த்தான். அந்தக் கையையும் பார்த்தான்.

“அந்தப் பக்கம் தண்ணி சில்லுனு இருக்குதுப்பா,” என்றார் பலூன் அண்ணா. அவன் வாயிலிருந்து ஒரு கேலிச்சொல் வந்தால் அவர் இனி எந்த ஞாயிறும் வரமாட்டார். எங்கள் ஐந்து பேருக்கும் அது தெரிந்தது. அந்தோணி வாயை அடக்கி நான் பார்த்ததே இல்லை.

அவன் திரும்பி நீந்தி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டான். “ஆமாண்ணா. இங்கியே இப்படி இருக்குது. அங்க நெனச்சாவே நடுங்குது.”

நாங்களும் ஒவ்வொருவராக வந்து நின்றோம். ஒருவர் வேர்க்கடலை எடுத்துவர, மாஸ்டர் விசில் ஊதினார்.

இன்றும் ஞாயிறுதோறும் நீந்தத் தெரிந்த ஐந்து பேரும் பலூன் அண்ணாவும் மார்பளவு தண்ணீரில் நின்று பேசிவிட்டு வருகிறோம். ஆழமான பக்கம் தண்ணீர் உண்மையிலேயே சில்லென்று இருக்கிறதா என்பதை எங்களில் ஒருவரும் இதுவரை சரிபார்க்கவில்லை.