டேப்பக்கா அளவெடுத்த கார்

அருமனை டேப்பக்கா மட்டும் ஜப்பானில் பிறந்திருந்தால், உலகத்தில் ஓடுகிற கார்களில் பாதியைப் பிரித்து மறுபடியும் தைத்திருப்பார்கள். அவள் தொழில் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பது. ஆனால் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை எதன்மேல் வைப்பாள் என்பதற்கு வரைமுறையே கிடையாது. பந்தலுக்கு வந்த வாழைக்குலையோ, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தோளோ, அளந்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

கார் பக்கம் அவள் கை நீண்டதற்குக் காரணம் ஒரு முடுக்கு. அவள் கடைக்குப் பின்னால் குடியிருந்தவர், புதுக் காரில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வீட்டுக்குத் திரும்பினார். அந்தச் சின்னச் சந்தில் கார் இரண்டு மதில்களுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. பக்கத்துக் கதவு எதுவும் திறக்கவில்லை. குடும்பத்தையே டிக்கி வழியாக ஒவ்வொருவராக இறக்கினார்கள். "டேப்பும் கையுமா நான் இங்கன இருக்கியேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா?" என்று அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யார் கார் வாங்கப் போனாலும் அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள்.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் விற்பனையாளனாகச் சேர்ந்திருந்தேன். அங்கே விற்பனைக்கு இருந்தது சொகுசு வகையில் ஒரு சின்ன எஸ்யூவி. பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு வண்டியாவது விற்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. அன்றைக்குத்தான் மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி மனைவியோடு உள்ளே நுழைந்தார். பின்னால் டேப்பக்கா. அவளைக் கண்டதும் மற்ற விற்பனையாளர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கத் தோன்றிவிட்டது.

நான் பேஸ் மாடல், மிட் மாடல், டாப் மாடல் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்கினேன்.

"நில்லு மக்கா. மூணும் ஒரே வெட்டுதானே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. ஆனா டாப் மாடல்ல..."

"அப்போ ஒரே துணி. ஒண்ணு வெறும் தையலு, ஒண்ணு லைனிங் வெச்சது, ஒண்ணுல ஜரிகை. அதச் சொல்லுகதுக்கு அரை மணிக்கூரா?"

காரை ஒரு சுற்று வந்தாள். கதவில் ஓடிய மடிப்பைத் தடவினாள். "நல்ல டக்கு. வயித்த உள்ள இழுத்துக் காட்டுது." சக்கரத்தைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக்கைப் பார்த்தாள். "சேறு படுக எடத்துல கறுப்பு பார்டர். கொள்ளாம், நல்ல புத்தி. இத வெட்டினவன் வீட்டுல துணி தொவைச்சிருக்கான்." பின்பக்கம் கூரை சரிந்து இறங்குகிற இடத்தில் நின்றுவிட்டாள். "இங்கன என்ன, துணி பத்தலியா?"

"அது ஸ்டைலுக்கா."

"எங்க கடையிலயும் துணி பத்தலேண்ணா அப்படித்தான் சொல்லுவோம்."

பிறகு அண்ணாச்சியின் மனைவியை டாப் மாடலின் பின்சீட்டில் உட்காரவைத்தாள். அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. அந்த மாடலின் பெருமையே கூரை முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியும் அதன் திரையும் உள்ளே இரண்டு இஞ்ச் உயரத்தைத் தின்றுவிடும். அந்தம்மாவின் கொண்டையும் பிச்சிப்பூவும் கூரையில் அப்பிக்கொண்டன.

"கல்யாண வீட்டுக்கு இவ பூவத் தலையில வெப்பாளா, கழத்தி மடியில வெப்பாளா?" என்றாள் அக்கா. கண்ணாடி இல்லாத மிட் மாடலில் கொண்டை தாராளமாக நின்றது. "எனக்கு இது போதும்" என்றார் அந்தம்மா.

அண்ணாச்சி முகம் சுருங்கியது. "எனக்க சகலை வெச்சிருக்கியது மிட் மாடலாக்கும். எடுத்தா டாப்பு. இல்லேண்ணா வண்டியே வேண்டாம்."

"அப்போ நீங்க தனியாட்டு போவும்" என்று மனைவி இறங்கிவிட்டார். இருவரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். என் வேலையும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் கிளம்பியது. அந்த நிமிடம் மனதுக்குள் நான் அக்காவைத் திட்டியதை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

அக்கா நகரவில்லை. "மக்கா, டாப்பையும் நடு மாடலையும் வெளிய நிண்ணு எப்படித் தெரிஞ்சுக்கிடுவாவ?"

"டாப்புல சக்கரம் பெருசு. கண்ணாடி வெச்சதுனால கூரை கறுப்பாத் தெரியும்."

"நடு மாடல்ல கூரைக்கு மட்டும் கறுப்பு கிட்டுமா?"

"கிட்டும்க்கா. பெரிய சக்கரமும் மாட்டித் தரலாம்."

அக்கா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, நடு மாடலு, பெரிய சக்கரம், கறுப்புக் கூரை. ஒங்க சகலை என்ன, தென்னையில ஏறி நிண்ணா பாக்கப் போறாரு?"

அண்ணாச்சி திரும்பினார். "உள்ள ஏறினா தெரியுமே?"

"ஏத்தாதீங்க."

அந்தம்மா சிரித்த சிரிப்பில் அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட மேனேஜர் அறைக்குள் போனார்கள்.

வெளியே நானும் அக்காவும்தான். சட்டென்று டேப்பை என் கழுத்தில் சுற்றினாள். "காலருக்குள்ள ரெண்டு விரல் கேறுது. வாங்கும்போ இப்படியா இருந்திருக்கும்? வந்ததுலேருந்து பாக்கியேன், ஒரு வண்டி போவாதாண்ணு வாசலையே பாத்துட்டுல்லா நிக்கிய. வேலை போயிருமோண்ணு சோறு தின்னாம கெடந்தியா மக்கா?"

வீட்டில்கூடச் சொல்லாத விஷயம் அது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சட்டைய ஆல்டர் பண்ணித் தர மாட்டேன். தின்னு நெறஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு டேப்பைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

வேலை நிலைத்தது. நிறைந்தும்விட்டேன், கொஞ்சம் அதிகமாகவே. இன்றும் அருமனைப் பக்கம் போனால் அக்கா கடையில் வண்டியை நிறுத்துவேன். என்னைக் கண்டதும் அவள் டேப்பை எடுப்பாள். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், அவள் மெதுவாகவே அளக்கட்டும் என்று.