அறுபது அத்திப்பழத்துக்கு ஒரு பிளான்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து மூன்று வருடம் ஆன சமயத்தில், அலகேசன் என்றோர் ஆண் இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் மனைவி இறகாயி. முட்டையிடும் காலம் வந்ததும் இறகாயி குல வழக்கப்படி ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். குஞ்சுகள் வளரும் வரை அந்தக் கீறல் வழியே பழம் ஊட்ட வேண்டியது அலகேசனின் பாடு.

உள்ளே ஒரு போன், வெளியே ஒரு போன். இரண்டுக்கும் சேர்த்துத் 'தம்பதி பிளான்', மாதம் அறுபது அத்திப்பழம். அந்தக் காட்டில் அதுதான் பணம், சாப்பாடும் அதுதான்.

ஒருநாள் இறகாயி கீறல் வழியே கேட்டது: "என்னங்க, இன்னிக்கு ஒரே ஒரு பழமா? குஞ்சு ரெண்டு இருக்கே!"

"ரீசார்ஜ் பண்ணிட்டேன்மா."

"அப்படி என்னதான் பேசுறீங்க அந்தப் போன்ல?"

"உன்கிட்டதானே பேசுறேன்."

"என்னன்னு?"

அலகேசன் யோசித்தது. "'பசிக்குதா'ன்னு."

இறகாயியின் அலகு மட்டும் வெளியே வந்து, ரீசார்ஜ் கடை இருக்கும் திசையைக் காட்டியது. அலகேசன் மறுபேச்சில்லாமல் பறந்தது.

நாவல் மரக் கிளையில் கடை வைத்திருந்தது வாலறிவன் என்ற மலை அணில்.

"வாங்கண்ணே! தினம் மூணு ஜிபி, பதினாலு சினிமா ஆப், உங்களைக் கூப்பிடுறவங்களுக்குக் குயில் பாட்டு. எல்லாம் நல்லா ஓடுதா?"

"போன மாசம் எவ்வளவு நெட் செலவு பண்ணியிருக்கேன், பாத்துச் சொல்லு."

அணில் பார்த்தது. அதன் மீசை தொங்கிப் போயிற்று. "ஒரு போட்டோ வந்திருக்குண்ணே. குட் மார்னிங் போட்டோ."

"அதுக்கா அறுபது பழம்? சின்ன பிளான் இருக்கா?"

"இல்லவே இல்லைண்ணே."

"சரி, இதே நம்பரோட ஆத்துக்கு அக்கரைக் கடைக்கு மாறிக்கிறேன்" என்று அலகேசன் சிறகை விரித்தது.

"அட, உக்காருங்கண்ணே!" என்று பதறிய அணில், ஒரு தேக்கிலையைத் தூக்கியது. அடியில் சின்ன பிளான் ஒன்று பதுங்கியிருந்தது. பேச்சு மட்டும், மாதம் எட்டுப் பழம்.

"இத்தனை நாள் இதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேண்ணே."

அன்று இறகாயியும் குஞ்சுகளும் ஏப்பம் விட்டன. அலகேசனுக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. கண்டவரிடமெல்லாம், "அக்கரைன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க" என்றது. காட்டெருமை போய் "அக்கரை" என்றது. கரடி போய் "அக்கரை" என்றது. தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் குரங்குகூட "அக்கரை" என்றது. எல்லோருக்கும் எட்டுப் பழம். அக்கரையில் கடையே இல்லை என்பது யாருக்கும் தெரியாது, அணிலுக்கும் தெரியாது.

வாலறிவனுக்கு வருமானம் படுத்துவிட்டது. இன்னும் சண்டைக்கு வராதவர் யார் என்று யோசித்தது. மிச்சம் ஒருவர்தான். மரத்தடிச் சருகில் குடியிருந்த சுருளாண்டி என்ற ரயில்பூச்சி. டார்ச் வெளிச்சத்துக்காக ஒரு போன் வைத்திருந்தது. யாரையும் கூப்பிட்டதே இல்லை.

அணில் இறங்கிப் போய், "சுருளாண்டி அண்ணே, இந்த மாசத்திலிருந்து உங்க பிளான் முந்நூறு பழம். சம்மதம்தானே?" என்று முதுகில் செல்லமாகத் தட்டியது.

தொட்டால் ரயில்பூச்சி வேறென்ன செய்யும்? சுருண்டுகொண்டது.

"மறுப்பு ஏதுமில்லை" என்று எழுதிக்கொண்டு அணில் மரம் ஏறியது.

குஞ்சுகள் வளர்ந்தன. இறகாயி மண்சுவரை உடைத்துக்கொண்டு கொழுகொழுவென்று வெளியே வந்தது. கீழே பார்த்தால், ஓர் அத்திப்பழம் தானாக மேடேறிக்கொண்டிருந்தது.

"யாருங்க அது, இந்த வெயில்ல பழம் உருட்டுறது?"

"நம்ம சுருளாண்டி. பிளானைக் கொஞ்சம் ஏத்திட்டாங்களாம்."

"அடப் பாவமே. யாராவது கேக்கக் கூடாதா?"

"அவரே ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றது அலகேசன். பிறகு சட்டென்று கீழே பறந்து, அந்தப் பழத்தைக் கொத்தி வந்து மனைவிக்குப் பாதி கொடுத்தது. நல்ல பழம். தேனாக இனித்தது.

கீழே சுருளாண்டி சுருண்டுகொண்டது.

நீதி: வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அதற்கான பில்லை வாயில்லாப் பூச்சி கட்டும்.