சீமெந்துத் தரையில் தேர்ந்தெடுத்த கோல்ப் பந்து

புல்லில் அடித்து விளையாடும் பந்தைச் சீமெந்துத் தரையில் போட்டுப் பார்த்து வாங்கிய மடையன் கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். இந்தப் பட்டத்துக்கு இதுவரை யாரும் போட்டிக்கு வரவில்லை.

பிலிமத்தலாவையில் எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை. அங்கே அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த விஞ்ஞானமெல்லாம் மூன்றுதான்: தட்டிப் பார், மிதித்துப் பார், கீழே போட்டுப் பார். கூரை ஓட்டைத் தட்டுவோம், பைப்பை மிதிப்போம், பூட்டைக் கீழே போடுவோம். தாங்கினால் நல்ல சாமான். இந்த ஞானத்தோடுதான் பெண் பார்க்கவும் போனேன். (பெண்ணைத் தட்டிப் பார்க்கவில்லை, பயப்படாதீர்கள்.)

பெண்ணின் பெயர் தர்ஷினி. அவளுடைய அப்பா பேராதனையில் எலும்பு டொக்டர். பார்த்த உடனேயே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேதான் வினை ஆரம்பம். பிடிக்காமல் இருந்திருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருப்பேன்.

"ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க தம்பி?" என்று கேட்டார் டொக்டர்.

ஆணி நிறுப்பேன் என்பதுதான் உண்மை. ஆனால் அவர்கள் வீட்டு அலுமாரியில் கோல்ப் கோப்பைகள் வரிசையாக இருந்ததை நான் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

"கோல்ப் அடிப்பேன் அங்கிள்."

டொக்டருக்கு முகமெல்லாம் பல். "அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. மட்டையெல்லாம் இருக்குதானே?"

"ரிப்பேருக்குக் கொழும்புக்கு அனுப்பியிருக்கேன் அங்கிள்." (கோல்ப் மட்டையில் ரிப்பேர் பார்க்க என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.)

"பரவாயில்ல, என்னோடத எடுத்துப் பாவிங்க. பந்து மட்டும் கொண்டு வாங்க."

கண்டி டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். விற்பனையாளர் பொறுமையாக விளக்கினார். "சும்மா பொழுதுபோக்குக்குன்னா இந்த டிஸ்டன்ஸ் பந்து போதும் சேர். விலையும் கம்மி. கட்டியான பந்து, மெதுவா அடிச்சாலும் தூரம் போகும். ஆனா விழுந்த இடத்துல நிக்காது. நிக்கணும்னா விலை கூடினதுதான் எடுக்கணும்."

நிற்கிற பந்து யாருக்கு வேண்டும்? மலிவான டிஸ்டன்ஸ் பந்திலேயே மூன்று வகை இருந்தன. "இதுல எது கூடத் தூரம் போகும்?" என்றேன்.

"அது உங்க அடியப் பொறுத்தது சேர்."

அடியைப் பொறுத்ததாம்! வியாபாரியிடமே வியாபாரப் பேச்சு. மூன்றையும் வெளி வாசலுக்குக் கொண்டுபோய், கையை உயர்த்தி, சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றாவது பந்து என் தலைக்கு மேலே துள்ளியது. உலகத்துக் கோல்ப்காரன் எவனுக்கும் தெரியாத இரகசியம் எனக்குத் தெரிந்துவிட்ட பெருமையில் ஒரு பெட்டி வாங்கினேன்.

திகனப் பக்கத்தில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்தது மைதானம். தர்ஷினியும் வந்திருந்தாள். டொக்டருக்குத் திருப்தி என்றால் அன்று பின்னேரமே நாள் குறித்துவிடலாம் என்று கல்யாணத் தரகர் சொல்லியிருந்தார். முதல் அடியில் புல் பறந்தது, பந்து அப்படியே இருந்தது. "பழக்கம் விட்டுப்போச்சு அங்கிள்" என்று இளித்தேன். அடுத்த அடியில் பந்து பக்கத்துப் புதரைப் பார்க்கப் போய்விட்டது. டொக்டர் வானத்தைப் பார்த்தார். பெண் கைவிட்டுப் போகிறாள் என்பது எனக்கே விளங்கியது. இன்னொரு பந்தை வைத்து, சீமெந்து மூட்டை தூக்கிய பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு விளாசு விளாசினேன்.

பட்டது! பந்து தாழ்வாகச் சீறிப் போனது. எதிரே, ஆட்டக்காரர்களை ஏற்றிப் போகும் சின்னக் கார் ஓடும் பாதையோரம் ஒரு சீமெந்துக் கட்டு. சீமெந்தைக் கண்டதும் பந்துக்குக் கடை வாசல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆகா, என்ன துள்ளல்! போன வேகத்திலேயே திரும்பி வந்து என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. நானும் விழுந்தேன்.

டொக்டர் மண்டியிட்டுக் காலை அமுக்கிப் பார்த்தார். "முறியல. வீக்கம்தான். அதுசரி, என்ன பந்து தம்பி இது? இந்தத் துள்ளு துள்ளுது?"

அந்த வலியில் பொய் வரவில்லை. "கீழ போட்டுப் பாத்து வாங்கினேன் அங்கிள். சீமெந்துத் தரையில. எனக்குக் கோல்பே தெரியாது."

தர்ஷினி சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "மட்டை ரிப்பேர்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும் அப்பா!"

டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு மோசமா பொய் சொல்ற ஆளுக்குப் பயமில்லாம பொண்ணக் குடுக்கலாம்" என்றார்.

தாலி கட்டும் நாளுக்குள் கால் வீக்கம் வற்றிவிட்டது. மானம்தான் இன்னும் திரும்பவில்லை. பப்பாசிப் பழம் வாங்கினாலும் சரி, ஃபோன் வாங்கினாலும் சரி, வீட்டில் ஒரே கேள்விதான்: "கீழ போட்டுப் பாத்தீங்களா?"

எங்களுக்கு மகள் பிறந்த அன்று துணியில் சுற்றிய பிள்ளையை மாமனார்தான் வெளியே தூக்கி வந்தார். நான் அழுதுகொண்டே கையை நீட்டினேன். அவர் உடனே தரவில்லை. முதலில் தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இத மட்டும் அப்படியே நம்பி எடுத்துக்குங்க."