மேல் வரிசை நோட்டுப் புத்தகக்காரர்

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு வருகிறவர்களில் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஒரு ரகம், சுடச்சுடக் குழம்பு ஊற்றின உருளைக்கிழங்கு வறுவலுக்காக வருகிறவர்கள் ஒரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவர் ஆட்டம் பார்ப்பதில்லை. ஆளைப் பார்க்கிறார். பதினேழு வயதுப் பையன்களில் எவன் பெரிய கிளப்புக்குப் போவான், எவன் அப்பாவின் கோதுமை வயலுக்கே திரும்புவான் என்று சொல்லிவிடுவார். யாரும் கேட்கவில்லையே என்கிறீர்களா? கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால் அவர் எப்படி இந்த ரகத்தில் சேருவார்?

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கனடாவின் சஸ்காச்சுவான் குளிரில் ஊரே ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் மேல் வரிசையின் கடைசி மூலையில், முழங்காலில் ஒரு நோட்டுப் புத்தகமும், காதில் ஒரு பென்சிலும், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பையுமாகத் தனியாக இருப்பார். கறுப்பு வட்டு வலைக்குள் போய்க் கோல் விழுந்தால் கை தட்ட மாட்டார். தட்டுகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பையன்களுக்கு அவர் கணக்கில் பெயர் கிடையாது, சட்டை நம்பர்தான். ஆட்டம் தொடங்குமுன் வாசலில் நின்று தாய்மார்களைத் தலை முதல் கால் வரை அளப்பார். தப்பாக நினைக்காதீர்கள், பையன் இன்னும் வளருவானா என்று தாயின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார். பாதிரியாரின் தங்கையை ஒருமுறை அப்படி அளந்துவிட்டு, அவருக்குப் பிள்ளையே இல்லை என்று தெரிந்த பிறகும் நோட்டில் எழுதின உயரத்தை அடிக்கவில்லை.

அவருடைய மொழியில் முக்கியமான சொல் ஒன்றே ஒன்று. ஆனா.

"நல்லா ஆடுறான், ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒரு பையனும் உயிரோடு மீண்டதில்லை. அவர் தேறாது என்று எழுதியவன் பெரிய ஆட்டக்காரனாகித் தொலைக்காட்சியில் வந்துவிட்டால்? "எனக்கு அப்பவே தெரியும், தலைக்கனம் வந்துடக் கூடாதுன்னு வெளிய சொல்லல" என்பார்.

இந்த ரகத்தில் எங்கள் ஊருக்குக் கிடைத்தவர் லோர்ன். தானியக் குதிர் விற்கிறவர். பன்னிரண்டு வயதில் கணுக்கால் பிசகியதிலிருந்து ஸ்கேட் கட்டியதில்லை. "முகம் எதுக்கு? பேர் எதுக்கு? ஓட்டத்தப் பாத்தாலே ஆள் யாருன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லிக்கொள்வார். அவருக்கு ஒரே மகன், கோல்பி. எங்கள் ஊர் அணியில் ஒன்பதாம் நம்பர். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 'ஆனா' உண்டு, கோல்பிக்கு மட்டும் கிடையாது.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உண்மையான தேர்வாளரே வந்துவிட்டார். பெரிய கிளப் ஒன்று சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆள். அமைதியானவர், பழைய தொப்பி. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊருக்கு அவர் வரப்போவது அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான். கோல்பிக்கு அதுதான் தேர்வு வருஷம். ஜூன் மாதம் கிளப்புகள் தாங்கள் எடுத்துக்கொள்ளும் பையன்களின் பெயர் வாசிக்கும்போது அவன் பெயர் வருமா வராதா என்பது, பாதிக்கு மேல், அந்தத் தொப்பிக்காரரின் பேனாவில் இருந்தது.

லோர்ன் விடுவாரா? அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வரிசை கீழே.

இரண்டாவது பகுதி தொடங்கும் நேரத்தில் லோர்ன் தேர்வாளருக்கு வறுவல் வாங்கிவரப் போனார். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் எவனோ ஒருவன் மட்டை கோல்பியின் மூக்கில் பட்டது. ரத்தம். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் ரத்தம் பட்ட சட்டையோடு ஆடவிட மாட்டார்கள் என்பது விதி. அதனால் பெயர் போடாத மாற்றுச் சட்டை ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். முப்பத்தெட்டாம் நம்பர். தேர்வாளர் அப்போது தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சட்டை மாறியதை அவர் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன்.

லோர்ன் இரண்டு தட்டோடு திரும்பி வந்தார். களத்தில் ஒன்பதைத் தேடினார். இல்லை.

"பாருங்க சார் இந்தக் கோச் பண்றத. நீங்க வந்த அன்னைக்குப் பாத்து என் பையன உள்ள உக்கார வச்சிட்டு, எவனோ ஒரு முப்பத்தெட்ட எறக்கிருக்கான்."

"லோர்ன், அந்த முப்பத்தெட்டு வந்து..." என்றேன்.

"அப்புறம் பேசலாம். இங்க வேலை நடக்குது."

வேலை நடந்தது. மகனின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பாவிமேல் லோர்ன் இருபது வருஷத் திறமையையும் கொட்டினார்.

"இடது பக்கம் திரும்பும்போது பாருங்க சார், அறுவடை மிஷின் வயல் மூலையில திரும்புது. தலையத் தூக்கவே மாட்டேங்குறான், கீழ என்ன ஊசியத் தொலைச்சுட்டானா? அந்தா, பக்கத்துல ஆள் சும்மா நிக்கிறான், வட்டைக் குடுக்க மனசு வரல பாத்தீங்களா? வீட்டுக்கு ஒத்தப் புள்ளையா இருப்பான்."

"இருக்கலாம்" என்றார் தேர்வாளர். எழுதிக்கொண்டார்.

"லோர்ன், கொஞ்சம் கேளு" என்றேன் மறுபடி.

"சும்மா இருங்க. சார், நான் சொல்றேன், இவனை அப்பன் கண்டிச்சு வளக்கல. வீட்டுல ராஜா ராஜான்னு தூக்கி வச்சிருக்கான். எழுதிக்கோங்க."

அதையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகப் பின்னால் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

ஆட்டம் முடிந்தது. லோர்னின் மனைவி மார்லா படியேறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஈரச் சட்டை. தண்ணீரில் அலசிக் கையெல்லாம் சிவந்திருந்தது.

"மூக்குல பஞ்ச அடைச்சுக்கிட்டு என்னமா ஆடுனான், பாத்தியா?"

"யாரு?"

"யாரா? நீ பெத்த பிள்ளதான்."

"அவனத்தான் உக்கார வச்சிட்டானுங்களே."

"சட்டையெல்லாம் ரத்தம்னு முப்பத்தெட்டக் குடுத்தாங்க. ஊரே பாத்துச்சு. நீ எங்க இருந்த?"

லோர்ன் தேர்வாளர் பக்கம் திரும்பினார். பிறகு ஒரேயடியாகப் பேசினார். "சார், திரும்புறது மெதுவுன்னு சொன்னேன்ல, அது நிதானம். இந்த வயசுல யாருக்கு வரும்? தலை குனியிறது, அது அடக்கம், அவங்க அம்மா வளப்பு. வட்டைக் குடுக்காதது தன்னம்பிக்கை சார். நீங்க அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க, நான் முதல்ல இருந்து சொல்றேன்."

தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இருபது வருஷமா ஊர் ஊராப் போய் அப்பாமார்களக் கேக்குறேன். பிள்ளையப் பத்தி உள்ளத உள்ளபடி சொன்ன முதல் அப்பா நீங்கதான்."

"அய்யோ சார், நான்..."

"நீங்க சொன்ன ஒண்ணும் தப்பு இல்ல. எங்க பட்டியல்ல இந்தப் பையன் இருந்தான்."

"இருந்தானா? இப்ப?"

"ரோடு உறையிது. கிளம்புறேன்." வறுவலுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"நீ என்னத்தச் சொல்லித் தொலைச்ச?" என்றாள் மார்லா.

ஜூனில் ஏழு சுற்றுப் பெயர் வாசித்தார்கள். கோல்பியின் பெயர் வரவில்லை. மார்லா அன்று சமையலறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜூலையில் அதே கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயிற்சி முகாமுக்கு வந்து பார், இடம் உறுதி இல்லை, அதற்குள் மூன்று விஷயத்தைச் சரி செய் என்று எழுதியிருந்தது. இடது திருப்பம், தலை, பக்கத்தில் நிற்கிறவன். பையன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா? ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டானாம். மார்லாதான் என்னிடம் சொன்னாள். அந்தக் கோடை முழுவதும் அரங்கத்துக்கு வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில், சக்கரம் வைத்த ஸ்கேட்டில் கோல்பி இடது பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தான்.

லோர்ன் திருந்தினாரா? காபிக் கடையில் போய்க் கேளுங்கள். "அவன் குறையக் கண்டுபிடிச்சது யாரு? முகம் பாக்கல, பேர் பாக்கல, சொந்தப் பிள்ளைன்னும் பாக்கல. அதுதான் மதிப்பீடு" என்று கோப்பையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர்களைத் தோற்கடிக்க ஆண்டவராலும் முடிவதில்லை. அவருக்குப் பொறுமை அதிகம், அவ்வளவுதான்.

சிரித்துக்கொண்டே படித்தீர்கள். சந்தோஷம். உங்கள் ஊரில் ஐஸ் இல்லை, அதனால் இந்த ரகமும் இல்லை என்று நினைக்கிறீர்கள். பள்ளி ஆண்டு விழா உண்டல்லவா? மேடை ஓரத்தில் பச்சைக் காகிதம் சுற்றிக்கொண்டு ஐந்தாறு மரங்கள் நிற்கும். "அந்த மூணாவது மரம் ஏன் இப்படி ஆடிக்கிட்டே இருக்கு, வீட்டுல சொல்லிக் குடுக்க மாட்டாங்களா" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வதற்கு முன்னால், உங்கள் பிள்ளைக்கு என்ன வேஷம் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.