பாலத்துக்கு ஒரு கையெழுத்து

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள், அரசாங்கச் செலவில் வழி சீரமைக்க முடிவானது. பணம் ஒரே ஒரு வழிக்குத்தான் காணும். எந்த வழிக்கு முன்னுரிமை என்று மார்க் போட்டுச் சொல்ல, தணிகாசலம் என்கிற நரியாரை அதிகாரியாகப் போட்டார்கள்.

ஆற்றங்கரையில் வடிவு என்றொரு முயல். வயிற்றில் பிள்ளை. ஆஸ்பத்திரி அக்கரையில், பாலம் கிடையாது. போன வருஷம் பிரசவத்துக்குப் போன அவள் அக்காவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதனால் தன் பிரசவத்துக்குள் பாலம் வந்தாக வேண்டும் என்று வடிவு ஒற்றைக்காலில் நின்றாள்.

நரியார் ஒரு கொக்கைக் கரையில் நிறுத்தி, கடப்பவர்களை மூன்று நாள் எண்ணச் சொன்னார். ஆற்றில் அப்போது நல்ல வெள்ளம். கொக்கு பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தது.

“யாருமே போகாத வழிக்குப் பாலம் எதுக்கும்மா?” என்றார் நரியார்.

“போனா முழுகிடுவோம்னுதான் சார் போகல.”

“அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே.”

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வடிந்ததும் முயல்கள் அத்தனையையும் திரட்டி, மறுபடி எண்ணச் சொல்லி மனுக் கொடுத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் சும்மாவே நடந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள்கூட ரெண்டு நடை போட்டார்கள். கணக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

நரியார் பூரித்துப்போனார். “பாத்தீங்களா, பாலம் இல்லாமலே இத்தனை பேரு ஜோரா போயிட்டு வர்றாங்க. அப்புறம் எதுக்குப் பாலம்?”

“செத்தவங்களுக்கு மார்க் கிடையாதா சார்? எங்க அக்கா போயிட்டா.”

“விபத்துக்கு அறுபது மார்க் உண்டே. பாதிக்கப்பட்டவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

“அவதான் செத்துட்டாளே சார்.”

“அப்போ வர முடியாதே,” என்றார் நரியார், நிஜமாகவே வருத்தப்பட்டு. ஆள் கெட்டவரில்லை, ஃபாரத்தைத் தாண்டி யோசித்துப் பழக்கமில்லை.

வடிவு வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். “ஒருதடவை நேர்ல வந்து பாருங்க சார். அக்கரையில நண்டு வறுவல் பிரமாதமா இருக்கும்.”

முந்தின நாள் மலையில் மழை, ஆறு மறுபடி ஏறியிருந்தது. நரியார் நண்டு நினைப்பிலேயே இறங்கினார். நாலாவது அடியில் ஆளைக் காணோம். வடிவு கரையில் உட்கார்ந்து நிதானமாகப் பதினைந்து வரை எண்ணினாள். அப்புறம்தான் முயல்கள் காட்டுக்கொடியைக் கயிறாக வீசி அவரை இழுத்துப் போட்டன.

மூக்கால் தண்ணீர் கொட்ட வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடந்தவரிடம் வடிவு ஃபாரத்தை நீட்டினாள். “பாதிக்கப்பட்டவர் கையெழுத்து, இங்க சார்.”

போட்டார். தேதியும் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் பாலம் தயார். பதிமூன்றாம் நாள் வடிவு அதன்மேல் நடந்துபோய் ஆஸ்பத்திரியில் ஐந்து குட்டி பெற்றாள். எல்லாம் சுகம்.

நீதி: பாலம் வேண்டுவோர் அதிகாரியை ஆற்றில் இறக்குக; கையெழுத்துப் போடும் அளவுக்கு உயிர் இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுக.