சொல்தாவின் பாண் வான்

பிரான்ஸ் தேசத்தை மூலைக்கு மூலை சுற்றிவிட்டு, அதில் ஒரு கல்லைக்கூடக் கண்ணெடுத்துப் பார்க்காமல் வீடு திரும்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சொல்தா.

சொல்தா என்பது அவருடைய பெயர் இல்லை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிற பாண்டிச்சேரிக்காரர்களை அப்படிச் சொல்வார்கள். அவருக்கு ஒரு நல்ல பெயர் அழைப்புமணிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்தவன் தபால்காரன் மட்டும்தான்.

எண்பதுகளின் நடுவில், பிரான்சின் தலைநகரில் எங்கட சனம் கூடுகிற லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவன். பக்கத்துத் தெருவான மார்க்ஸ் டோர்மோயில் சொல்தா வீட்டின் கடைசி அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. அவரை ஐயா என்றும் அவர் மனைவி தெரேஸை அம்மா என்றும் கூப்பிட்டேன். ஆமாம் என்பதற்கு நான் 'ஓம்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஏதோ மந்திரம் சொல்லத் தொடங்குகிறேன் என்று நினைத்து, ஐயா மரியாதையாகக் காத்திருப்பார். மாதாவுக்கு மாலை போட்டு வளர்ந்த ஊர்க்காரர். மந்திரம் என்றால் நடுவில் பேசக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அம்மாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கணவனுடைய படை போன இடமெல்லாம் போனவர், கண்டதெல்லாம் முகாமின் தண்ணீர்க்குழாயும் கம்பிவேலியும்தான். ஓய்வு பெற்றதும் பிரான்ஸ் முழுவதையும் காட்டுகிறேன் என்று ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் காப்பாற்ற ஒரு பழைய வேனை வாங்கினார், எங்கட பேச்சில் வான். அது வடக்கே ஏதோ ஒரு கிராமத்தில் பாண் விற்றுத் திரிந்த வான். பாண் என்பதும் எங்கட சொல்தான், ரொட்டி. தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டார். பக்கவாட்டில் பெரிதாக வரைந்திருந்த நீளப் பாண்களை மட்டும் அழிக்கவில்லை. நல்ல கை வரைந்தது, அழித்தால் பாவம் என்றார்.

அழித்திருக்கலாம். ஏனென்றால் அந்த வானின் ஹாரனில் எங்கோ ஒரு கம்பி கழன்றிருந்தது. இடது பக்கம் திருப்பினால் அது தானாகவே அலறும். பிரெஞ்சுக் கிராமங்களில் பாண் வான் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும். ஆகவே ஐயா எந்தக் கிராமத்தில் இடது பக்கம் திரும்பினாலும், கூடையோடு கிழவிகள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். முதல் தடவை ஐயா வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, தான் ரொட்டிக்காரன் இல்லை என்று விளக்கினார். கிழவிகள் வானின் பக்கவாட்டிலிருந்த படத்தைக் காட்டினார்கள். வாசலுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. வழிக்கென்று சுட்டு வைத்திருந்த முறுக்கை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். பல்செட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கடித்த சத்தத்தில் ஒரு நாய் குரைத்ததாம். இதற்குள் யாரோ சொல்லி ஊர்ப் போலீஸ்காரர் வந்து, உணவு விற்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். ஐயா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். போலீஸ்காரரும் அடித்தார். பிறகு அவருக்கும் ஒரு முறுக்கு.

பயணம் முடிந்து வந்ததும் இதையெல்லாம் அம்மா அடுப்படியில் நின்று எனக்குச் சொல்வார். ஐயா முன்னறையிலிருந்து மறுப்பார். அவர் மறுக்க மறுக்கக் கதை நீளும்.

போன இடத்தில் ஐயா செய்கிற வேலை ஒன்றுதான். வண்டியை நிழலாகப் பார்த்து நிறுத்துவார். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்பார். அம்மா இறங்கிப் போய்க் கோட்டை, கோயில், அருவி, குகை எல்லாம் பார்த்துவிட்டு வருவார். அதுவரை ஐயா என்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். மோன் சேன் மிஷேல் என்று கடலுக்குள் ஒரு மலையும் மலைமேல் ஒரு மடமும் இருக்கிறது. உலகமே வந்து பார்க்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐயா டயருக்குக் காற்றடித்தார்.

ஆனால் இந்தச் சுற்றுலாவில் ஒரு ஊர் மட்டும் வரவே இல்லை. அது லூர்து. பாண்டிச்சேரிக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி பிரான்சில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் லூர்து மாதாவைப் பார்த்துவிடுவாள். அம்மா வருஷா வருஷம் வரைபடத்தில் தெற்கே விரலை வைப்பார். ஐயாவும் ஓட்டிக்கொண்டு போவார். போ என்கிற ஊர் வரைக்கும் வண்டி குதிரை மாதிரி ஓடும். லூர்து என்று பலகை தெரிந்ததும் ஒரு வருஷம் ரேடியேட்டர் கொதிக்கும். இன்னொரு வருஷம் ஐயாவுக்கு இடுப்பு பிடிக்கும். மற்றொரு வருஷம் அந்தப் பக்கத்து மலைக்காற்று வண்டிக்கு ஆகாது என்று ஒரு மெக்கானிக் சொன்னதாகச் சொன்னார். அப்படி ஒரு மெக்கானிக்கை அம்மா கடைசிவரை பார்க்கவில்லை.

இதைச் சொல்லும்போதும் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரிப்பேன். ஒரு நாள் சிரிப்பு நின்றதும், காரணத்தை அவராகவே சொன்னார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். மரி. ஆப்பிரிக்காவில் ஒரு முகாமில் இருந்தபோது எட்டு வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. விடுமுறையில் போய் வந்த ஒரு சிப்பாய் லூர்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஐயா கெஞ்சி வாங்கி, முழங்காலில் நின்று பிள்ளையின் வாயில் விட்டார். விடியும் முன் பிள்ளை போய்விட்டது. அதன் பிறகு அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பூசைக்குக் கூட்டிப்போவார். வாசல் தாண்ட மாட்டார். மழையென்றாலும் குடை பிடித்துக்கொண்டு வெளியேதான் நிற்பார்.

அவர் இதைச் சொன்ன வருஷம் வசந்தகாலத்தில் அம்மாவுக்கு வயிற்றில் வலி தொடங்கியது. பரிசோதனைகள் முடிந்து டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். வீட்டுக்கு வந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அம்மாவின் சாப்பாடு குறைந்துகொண்டே போனதைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன்.

ஒரு மத்தியானம் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, இந்த வருஷம் லூர்துக்குப் போகவேண்டும் என்றார் அம்மா. ஐயா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வண்டி தாங்காது தெரேஸ்."

"வண்டி தாங்கும். நாந்தான் தாங்கமாட்டேன்."

ஐயா கையைக் கழுவிவிட்டு இறங்கிப் போனார். பல நாட்கள் வானுக்கு அடியிலேயே கிடந்தார். லா ஷப்பல் பாலத்துக்குக் கீழே, மெட்ரோ தலைக்குமேல் தடதடவென்று ஓட, அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். தெருவில் நின்ற எங்கட பெடியள், ஊர் இளைஞர்கள், வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். கால்கள் இன்னும் உள்ளே நகர்ந்தன. ஹாரன் கம்பியையும் அவர் அப்போது சரிசெய்துவிட்டார். அம்மா தூங்கவேண்டுமே.

புறப்படுவதற்கு முன் என்னிடம் வந்தார். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடாகிவிட்டது, அதைத் தள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்.

"நா அங்க உள்ள வரமாட்டேன். நீ அவகூட போவியா?"

"ஓம் ஐயா."

முதல் தடவையாக அவர் மந்திரத்துக்குக் காத்திருக்கவில்லை.

கடை முதலாளியிடம் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் ஏறினேன். வண்டி மெதுவாகப் போனது. பள்ளம் வந்தால் ஐயா மூச்சைப் பிடித்துக்கொள்வார். லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய அரண்மனை இருக்கிறது. முன்பு பார்க்காமல் விட்ட இடம், அதன் வாசலில் நிறுத்தச் சொன்னார் அம்மா. நிறுத்தியபின் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் கணவரிடம்.

ஐயா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். வேறு வழியில்லாமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்தார்.

"எப்பிடி இருக்கு?"

"பெருசா இருக்கு."

"அவ்வளவுதானா?"

ஐயா யோசித்தார். மறுபடி போனார். இந்தத் தடவை வர வெகுநேரமானது. கூரைமேல் ஏகப்பட்ட புகைபோக்கிகள் என்றும், இவ்வளவு புகைபோக்கி இருந்தால் குளிர்காலத்தில் யார் விறகு பிளப்பது என்றும், உள்ளே ஒரு படிக்கட்டில் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் முட்டிக்கொள்ளாமல் போகலாம் என்றும் சொன்னார். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு எல்லா நிறுத்தத்திலும் இதுவே நடந்தது. பாலத்தைப் பார்த்துவிட்டு, நல்ல பாலம், ராணுவ லாரி போகும் என்றார். ஒரு பெரிய தேவாலயத்தைப் பார்க்க அனுப்பினால், உள்ளே போகாமல் கதவைப் பற்றி மட்டும் நெடுநேரம் சொன்னார். சிரித்தால் அம்மாவுக்கு வயிறு வலிக்கும். வலித்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள் என்றார்.

லூர்து பலகை வந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆற்றோரமாக நிறுத்தினார். அம்மாவைத் தூக்கி நாற்காலியில் வைத்து, கம்பளியைச் சுற்றி, செருப்பைச் சரிசெய்துவிட்டு, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டு வளர்ந்தவன். பார்த்த இடமெல்லாம் சக்கர நாற்காலிகள், மெழுகுவர்த்திகள், எல்லா நாட்டுப் பாஷைகளும்.

மாதா சுரூபம் நின்ற குகைக்கு, அவர்கள் சொல்லும் கெபிக்கு, முன்னால் நிறுத்தச் சொன்னார் அம்மா. நான் நாலடி பின்னால் நின்றேன். அம்மா கம்பளியை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகத் தமிழில் பேச ஆரம்பித்தார். போகப்போகக் குரல் ஏறியது. பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரி ஒருவர், எவ்வளவு உருக்கமான செபம் என்று நினைத்தாரோ, கண்கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். அது செபம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையை எடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது, அந்த மனுஷன் முழங்காலில் நின்றானே, நீயும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வயிற்று வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தீர்த்தம் பிடிக்கட்டுமா என்று நான் கேட்டதற்கும் வேண்டாம் என்று கையாட்டிவிட்டார்.

வண்டிக்குத் திரும்பினோம். ஐயா தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"நீங்க போடவேண்டிய சண்டைய நானே போட்டுட்டு வந்துட்டேன். இனிமே நீங்க சும்மா இருக்கலாம்."

ஐயா அடுப்பை அணைத்தார். பிறகு கேட்டார்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டு நின்னா."

அன்று ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஐயா இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்றார். மறுநாள் காலை முகச்சவரம் செய்து, படையில் வாங்கிய பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு, நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு போனார். நான் வண்டியில் இருந்தேன். அங்கே என்ன நடந்தது என்று இருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்தபோது ஐயாவின் கால்சட்டை முழங்கால் இரண்டும் நனைந்து அழுக்காக இருந்தன. அம்மா கைக்குட்டையால் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் அம்மா இறந்தார். பூசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் லா ஷப்பல் பெடியள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். முன்வரிசையில் ஐயா இருந்தார். அவருக்கும் எல்லாம் மறந்துபோயிருந்தது. கோயில் முழுவதும் தவறான நேரத்தில் எழுந்து தவறான நேரத்தில் உட்கார்ந்தது. அம்மா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

அதன் பிறகு அவர் வானைத் தொடவில்லை. தெருவில் அது தூசி பிடித்துக் கிடந்தது. பேச்சும் குறைந்தது. நான் கடையிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டில் பாதி மறுநாளும் அப்படியே இருக்கும். இந்த மனுசரும் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது.

மாசி மாதம் என் மனைவிக்கு விசா கிடைத்தது. வருகிற நாளைச் சொன்னேன். ரயிலில் போய் ருவாசி விமான நிலையத்திலிருந்து கூட்டிவருவதாக இருந்தேன். காலையில் இறங்கிப் பார்த்தால் வானைக் கழுவித் துடைத்து, என்ஜினைப் போட்டுக்கொண்டு ஐயா உட்கார்ந்திருக்கிறார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மடியில் அம்மாவின் தடித்த குளிர்க்கோட்டு.

"ஊர்லேருந்து வர்ற புள்ள. சேலையோடதான் வரும்" என்றார்.

சேலையோடுதான் வந்தாள். நடுங்கிக்கொண்டு நின்றவளிடம் ஐயா கோட்டை நீட்டினார். அது அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. அவளை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஐயா பெட்டிகளை ஏற்றப் பின்பக்கம் போனார். அந்த இடைவெளியில் அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஆரப்பா இவர்? வாடகை வீட்டுக்காரரோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வானின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தொப்பியில் பனி விழ விழ, ஐயா அவளுடைய பெட்டியைத் தன் சால்வையால் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆள்" என்றேன்.