இன்பராஜின் ஆள்காட்டி விரல்

இன்பராஜ் தூக்கிய விரலை இன்னும் இறக்கவில்லை. எதிரே செல்வகுமார் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு 'டி' போட்டுக் காட்டினான்.

"ரிவ்யூ, சார்."

"இன்னாது?"

"ரிவ்யூ. பந்து பேட்ல படவே இல்ல. டென்ட்ல கேளுங்க."

"நான் அவுட்டு குடுத்துட்டேன். அதுக்கு மேல யாரப் போய்க் கேக்கணும்?"

"ரூல்ஸ் போட்டாச்சு சார். நீங்களும் மீட்டிங்ல தலையாட்டினீங்களே."

தலையாட்டியது உண்மைதான். வடை வந்த நேரம் அது. எதற்கு ஆட்டுகிறோம் என்று அவர் கவனிக்கவில்லை.

ஆம்பூரில் அந்த ஷூ ஃபேக்டரியின் பின்பக்க மைதானத்தில், செக்‌ஷன்களுக்குள் நடக்கும் கிரிக்கெட் கப்புக்கு இன்பராஜைத் தவிர வேறு அம்பயரை யாரும் பார்த்ததில்லை. மேட்ச் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டு பிரியும்போதே வந்து பிட்சில் கல் பொறுக்குவார். தண்ணீர் தெளிப்பார். சுண்ணாம்புக் கோடு இழுப்பார். ஸ்டம்புகள்கூட அவர் வீட்டுப் பரணிலிருந்து வருபவைதாம். பிறகு ஆலயத்துக்குப் போய் ஆராதனை முடித்து, வெள்ளைச் சட்டையும் வட்டத் தொப்பியுமாக வந்து மைதானத்தின் நடுவில் நிற்பார். அந்த நிற்பில் ஒரு கலெக்டர் களை இருக்கும்.

மற்ற நாட்களில் அவர் ஃபினிஷிங்கில் குவாலிட்டி இன்சார்ஜ். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். ஒட்டினால் அந்த ஜோடி ரிஜெக்ட். மறுபேச்சு கிடையாது. கட்டிங் செக்‌ஷனில் செல்வகுமார் வெட்டும் தோலுக்கு அந்த அம்பு கொஞ்சம் ஜாஸ்தியாகவே விழும்.

அப்படிப்பட்டவருக்கு மேலே இந்த வருஷம், கட்டிங்கும் ஸ்டிச்சிங்கும் மோதும் ஃபைனலில், ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் ஷூ டிசைன் போடும் சூரியபிரகாஷ், சவுக்குக் கழிகளில் இரண்டு செல்போன்களைக் கட்டி, ஷாமியானாவுக்குள் லேப்டாப்போடு இருந்தான். ஒரு டீமுக்கு ஒரே ஒரு ரிவ்யூ. அம்பயர் சொன்னது தப்பு என்று தெரிந்தால் அந்த ரிவ்யூ செலவாகாது. அதைவிடக் கொடுமை, மாறிய முடிவை அம்பயரே மைக்கில் சொல்ல வேண்டும்.

இன்பராஜ் டென்டுக்குப் போனார். லேப்டாப்பில் பந்துக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும் இடைவெளி தெரிந்தது.

"சொல்லுங்க சார்" என்று சூரியபிரகாஷ் பணிவாக மைக்கை நீட்டினான். அந்தப் பணிவுதான் அவருக்கு ஜாஸ்தி எரிந்தது.

"நாட் அவுட்" என்றார் இன்பராஜ். மைக்கைக் கடித்துத் துப்பியது போலிருந்தது.

காலையில்தான் முழங்காலிட்டு, "ஆண்டவரே, என் கோபத்தை நீர் எடுத்துப்போடும்" என்று ஜெபித்திருந்தார். ஆண்டவர் எடுத்துத்தான் வைத்திருந்தார். இன்பராஜ்தான் பத்து மணிக்கெல்லாம் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நேராகப் போய்க் கழியை ஆட்டிப் பார்த்தார். "இது கோணலா நிக்குது. கோணக் கழில கட்டின போன்ல எப்பிடி நேரா தெரியும்?" என்று கத்தினார். பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் ஸ்டிக்கரில் ஒன்றைக் கிழித்து, போனின் முதுகில் ஒட்டினார். சிவப்பு அம்பு. ரிஜெக்ட்.

"சார், அது என் சொந்த போன்" என்றான் சூரியபிரகாஷ்.

"அப்பிடின்னா உன்னையும் சேத்துத்தான்."

பிறகு கழியைப் பிடுங்கி, தாமே அளவு பார்த்து, தாமே நட்டு, தம் கையாலேயே போனைத் திருப்பிக் கட்டினார். இப்போது நேராக இருந்தது. இதுநாள்வரை ஃபேக்டரியை விட்டு ஒரு கோணல் ஷூ அவரைத் தாண்டிப் போனதில்லை.

அடுத்த ஓவரிலேயே இன்னொரு அப்பீல். ஸ்டிச்சிங் கேப்டன் முக்தார் அகமது பந்து போட, கீப்பர் பிடித்து வானத்துக்கு எறிய, அத்தனை பேரும் கூவினார்கள். இன்பராஜ் விரலைத் தூக்கினார். அதே செல்வகுமார். அதே 'டி'.

"வா, வந்து பாரு. இப்போ போன் நேரா நிக்குது" என்று அவரே முன்னால் நடந்தார்.

வீடியோ ஓடியது. கழியை அவர் நட்ட நேர்த்தியில், படத்தின் நட்டநடுவில் இன்பராஜ்தான் நின்றார். தொப்பி முதல் ஷூ வரை அவ்வளவு துல்லியம். முக்தார் ஓடி வருகிறான். பந்து கையைவிட்டுப் போகிறது. அந்த நேரத்தில் படத்திலுள்ள இன்பராஜ் கழுத்தைத் திருப்பி, கேன்டீன் அஃப்ரோஸ் டென்டுக்குள் கொண்டுபோகும் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பீல் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி விரலைத் தூக்குகிறார்.

"இன்னொரு தபா போடு" என்றான் யாரோ ஒருவன். போட்டார்கள். போண்டாவும் துல்லியமாகத் தெரிந்தது.

அஃப்ரோஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சார், உங்களுக்குன்னு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன் சார், பேஜாராவாதீங்க" என்றாள்.

"எனக்கு ஒன்னும் வாணாம்!"

இன்னொரு போனிலும் பந்து மட்டையில் படவில்லை. மறுபடியும் மைக். மறுபடியும் நாட் அவுட்.

இப்போது இன்பராஜுக்கு ஒரு யோசனை உதித்தது. கோபக்காரனுக்கு உதிக்கும் யோசனைகள் எல்லாமே அந்த நேரத்துக்குத் தங்கமாகத்தான் தெரியும். ஃபினிஷிங்குக்கு ஆளனுப்பிக் கறுப்பு பாலிஷ் டப்பா ஒன்றைத் தருவித்தார். மட்டையின் இரண்டு ஓரத்திலும் தாமே கையால் வழித்துப் பூசினார்.

"கேமரா பொய் சொல்லும். கறை பொய் சொல்லாது. ஓரத்துல பட்டா பந்துல கறுப்பு இருக்கும். இல்லன்னா இருக்காது. அவ்ளோதான்!"

"காயாத பாலிஷ் சார்" என்று முக்தார் மெதுவாகச் சொன்னான்.

"பாலிஷப் பத்தி நீ எனக்கு சொல்றியா?"

அடுத்த மூன்று பந்துகளில் அந்த மஞ்சள் டென்னிஸ் பந்து நாவல்பழம் ஆகிவிட்டது. பந்தைத் துடைத்த முக்தாரின் பேன்ட் கறுப்பு. கீப்பர் கை கறுப்பு. ஓர் அப்பீல் வந்தது. இன்பராஜ் பந்தைக் கேட்டு வாங்கி உருட்டிப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். கன்னத்தில் வந்த ஈயை அடித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு விரலைத் தூக்கினார். விரலும் கறுப்பு.

"பாரு, பந்துல கறை! அவுட்டு!"

செல்வகுமார் 'டி' போடும் முன்பே முக்தார், "சார், அது முன்னாடி பட்ட கறை. இந்தப் பந்து படல சார்" என்று சொல்லிவிட்டான். விக்கெட் கிடைக்க வேண்டிய டீமின் கேப்டனே சொன்னால் என்ன செய்வது? வீடியோவும் அதையே சொன்னது.

ஒரே ஆளை மூன்று தடவை அவுட் கொடுத்து மூன்று தடவையும் திரும்பக் கூப்பிட்ட அம்பயர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? டென்ட் முழுக்கச் சிரித்தது. இன்பராஜ் மைக்கைப் பிடுங்கினார்.

"நாட் அவுட்! ஆனா ஒன்னு சொல்லிக்கிறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னும் ஒரே ஒரு தபா இந்தப் பெட்டி என் முடிவ மாத்துச்சுன்னா, இந்தத் தொப்பியக் கழட்டி இங்கியே வச்சிட்டுப் போய்டுவேன். அப்புறம் இந்த கிரவுண்டுல என் காலு படாது. கர்த்தர் சாட்சி!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

அவர் மனைவி ஹெலன் தண்ணீர் பாட்டிலும் கைக்குட்டையுமாக ஓடி வந்தாள். "இன்னாங்க இது, கர்த்தர எதுக்கு இதுல இழுக்கறீங்க? வருஷத்துல நீங்க சந்தோஷமா இருக்கறதே இந்த ஒரு மாசம்தான். அதையும் வாயால கெடுத்துக்கணுமா?"

"சொன்னது சொன்னதுதான்."

"மூஞ்சியாவது தொடைங்க. ஈஸ்டருக்கு எடுத்த சட்டை..."

"நீ போ!"

அவள் போனாள். இன்பராஜ் ஸ்டம்புக்குப் பின்னால் வந்து நின்றார். சொன்னது சொன்னதுதான். ஆனால் கண் தானாகச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் விழுந்தது. காலையில் அவர் இழுத்த கோடு. அடுத்த வருஷம் இதை யார் இழுப்பார்கள்? கயிறு பிடித்து நேராக இழுக்க இவர்களில் யாருக்குத் தெரியும்? அந்தக் கவலையையும் கோபமாக மாற்றிக்கொண்டார்.

ஆட்டம் கடைசி ஜோடிக்கு வந்தது. கட்டிங் ஜெயிக்க இன்னும் நான்கு ரன் வேண்டும். செல்வகுமார் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்கு ஓடி வந்தான். பீல்டர் எறிந்த பந்தை முக்தார் பிடித்து, இன்பராஜின் மூக்குக்கு எதிரேயே ஸ்டம்பைச் சாய்த்தான். புழுதி எழுந்தது.

விரல் தானாக மேலே போய்விட்டது. தூக்கிய பிறகுதான் இன்பராஜுக்குத் தம் சபதம் நினைவுக்கு வந்தது.

செல்வகுமார் இந்தத் தடவை 'டி' போடவில்லை. குனிந்து பேன்ட்டில் படிந்த புழுதியைத் தட்டினான். ஆனால் வெளியிலிருந்து கட்டிங் ஆட்கள் எல்லாரும், "ரிவ்யூ! ரிவ்யூ!" என்று கூவிவிட்டார்கள்.

"வாங்க சார், பாக்கலாம்" என்றான் முக்தார்.

"நான் வரமாட்டேன். அந்தப் பெட்டி மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன். நீங்களே போய்ப் பாருங்க!"

டென்டுக்கு முதுகைக் காட்டி, ரயில் லைனைப் பார்த்தபடி நின்றார். பின்னால் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அவ்வளவு நேரம் எதைப் பார்க்கிறார்கள்? ஒரு கூட்ஸ் வண்டி வந்து முழுதாகக் கடந்து போயிற்று. இன்பராஜின் கை தொப்பியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

மைக் கரகரத்தது. சூரியபிரகாஷின் குரல். "அம்பயர் குடுத்தது சரி. அவுட். ஸ்டிச்சிங் வின்."

கைதட்டல் எழுந்தது. தோற்ற கட்டிங் ஆட்களும் தட்டினார்கள். மரியாதை வந்துவிட்டது என்று இன்பராஜ் நினைத்தார். தொப்பியை நேராக அழுத்திக்கொண்டு டென்டுக்கு நடந்தார். மேனேஜர் கப்பைக் கொடுத்ததும் முக்தார் அதைச் செல்வகுமார் கையில் திணித்து, "புடி தோஸ்த், நீயும் தூக்கு" என்றான். இரண்டு டீமும் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டன. இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தோற்றதற்குக்கூடச் சுரணை இல்லை என்று அவருக்கு அதிலும் கோபம் வந்தது.

"இன்னா செல்வகுமார், இப்போ இன்னா சொல்றே?"

"சரியாத்தான் குடுத்தீங்க சார்."

"நாளைக்கு ஃபேக்டரிலயும் இதே மாதிரி ஒத்துக்கணும். அம்பு ஒட்டினா மொணமொணன்னு பேசக் கூடாது."

"சரி சார்." அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "கன்னத்துல பாலிஷ் சார்."

அதை அவர் வாங்கவில்லை. சூரியபிரகாஷிடம் திரும்பினார். "அந்தக் கடைசிப் பந்து வீடியோவக் குடு. நாளைக்கு கேன்டீன் டிவில போடணும். எல்லாரும் பாக்கட்டும்."

சூரியபிரகாஷ் லேப்டாப்பை மூடினான். "அது... அழிஞ்சுபோச்சு சார்."

"அழிஞ்சுபோச்சா? போண்டா வீடியோ இருக்குதா?"

"இருக்குது சார்."

"என்னைக் கேவலப்படுத்தற மூணும் பத்திரமா இருக்குது. நான் சரின்னு காட்டற ஒன்னு மட்டும் அழிஞ்சுபோச்சு! திமிருதானே? இன்னா தகிரியம்! நாளைக்குக் காலைல ஹெச்.ஆர். மேடம் டேபிள்ல கம்ப்ளைன்ட்டு இருக்கும். உன் வேலையப் பத்தி நீ அங்க பேசிக்கோ!"

சூரியபிரகாஷின் முகம் வெளுத்தது. செல்வகுமார் நடுவில் வந்து நின்றான். "அவன் இல்ல சார். நான்தான் கை தவறி அழிச்சிட்டேன். எழுதறதுன்னா என் பேர எழுதுங்க."

"எழுதறேன்! ரெண்டு பேர் மேலயும் எழுதறேன்!"

"விட்டுடுங்களேன்" என்று ஹெலன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் ஏனோ கலங்கியிருந்தது.

"விடமாட்டேன்! உண்மைய அழிச்சவன நான் சும்மா வுட மாட்டேன்!"

டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அஃப்ரோஸ், வாளியை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"அந்தக் கம்ப்ளைன்ட்டுல என் பேரையும் சேத்துக்கோங்க சார், செல்வகுமாரு கோட்டுக்கு ரெண்டடி உள்ள நிக்கறத ரெண்டு டீமும், உங்க வீட்டம்மாவும், நானும் கண்ணால பாத்துட்டுதான் அழிச்சுடச் சொன்னோம்."